ஆஃப்ரோடுக்கு மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா? கண்மாய்ச் சேற்றில் படிச்ச 1.4 லட்ச ரூபாய்ப் பாடம்



போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். காரைக்குடி பக்கம் வலையபட்டி. நாலு நாள் விடாம மழை பெஞ்சு, அஞ்சாவது நாள் நல்ல வெயில். என் சித்தப்பா மகன் சென்னையிலிருந்து புது வண்டியில் வந்திருந்தான். ஃபோர் வீல் டிரைவ், மேனுவல் கியர், வாங்கி மூணு மாசம்தான் ஆச்சு. "வாண்ணே, தோட்டத்துக்கு ரோட்டுல சுத்திப் போக வேணாம், கண்மாய்க்குள்ள இறங்கி அந்தப் பக்கம் ஏறிடலாம்"னு கூப்பிட்டான். நானும் ஏறி உட்கார்ந்தேன்.

மேலே பார்த்தால் தரை காய்ஞ்சு வெடிச்சு இருந்தது. கீழே முழுக்க வண்டல். நடுவில் போனதும் நாலு சக்கரமும் இறங்கிவிட்டது. அவன் கிளட்சைப் பாதி மிதிச்சுக்கிட்டு ஆக்சிலரேட்டரைக் கொடுத்தான். முன்னாடி, பின்னாடி, முன்னாடி, பின்னாடி. இருபது நிமிஷம் இதே கதை. அப்புறம் ஒரு தீஞ்ச வாடை. அதுக்கப்புறம் இன்ஜின் மட்டும் கத்துது, சக்கரம் சுத்தவே இல்லை.

பக்கத்து வயலில் இருந்த மாமா டிராக்டரைக் கொண்டு வந்து இழுத்துக் கரையேத்தினார். கயிற்றை அவிழ்த்துக்கிட்டே அவர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்கே காரணம்: "என்ன மாப்ளே, லோவுல போடாமலா இறங்குனீங்க? நாங்க டிராக்டரையே லோவுல போட்டுத்தான் சேத்துல இறக்குவோம்."

வண்டியில் மெயின் கியருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லிவர் இருந்தது. மூணு மாசத்தில் தம்பி அதைத் தொட்டதே இல்லை.

அப்புறம் லாரியில் ஏத்தி காரைக்குடிக்குக் கொண்டு போனது, கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மாத்தினது எல்லாம் சேர்த்து அவன் ஒரு மாச இஎம்ஐயைத் தாண்டிய பில் வந்தது. வாரண்டியில் கேட்டதற்கு, கிளட்ச் தேய்மானப் பொருள், வராது என்று சொல்லிவிட்டார்கள். கையில் காசு இல்லை, கிரெடிட் கார்டு தேய்ச்சான்.

இதில் வேடிக்கை என்னன்னா, வண்டி வாங்கும்போது அவன் என்னிடம் சொன்னது இதுதான்: "ஆஃப்ரோடுக்கு மேனுவல்தாண்ணே. ஆட்டோமேட்டிக் எல்லாம் சிட்டி வண்டி." அதே வாரம் இன்னொரு நண்பர் போனில் சொன்னது நேர் எதிர்: "இப்பெல்லாம் ஆட்டோமேட்டிக்தான் பாஸ் ஆஃப்ரோடுக்கு. மேனுவல் பழைய காலம்."

ரெண்டு பேரும் தப்பான கேள்வியைக் கேட்கிறார்கள். ஏன்னு இன்னைக்கு விலாவாரியாப் பார்க்கலாம். சம்பளம் வாங்கும் நமக்கு இது வண்டிக் கேள்வி மட்டும் இல்லை. அஞ்சு வருஷ இஎம்ஐ கேள்வி.

"மேனுவல்தான் கெத்து" எங்கிருந்து வந்தது?

நம்ம நாட்டில் ரொம்ப காலம் ஆஃப்ரோடு வண்டி என்றாலே மேனுவல்தான். 1985 கடைசியில் வந்த மாருதி ஜிப்ஸி மேனுவல். 2010ல் வந்த முதல் தலைமுறை மஹிந்திரா தார் மேனுவல். அன்று யாரும் மேனுவலைத் தேர்ந்தெடுக்கவில்லை, கடையில் வேற இல்லை. நம்ம அப்பா, மாமாக்கள் ஜீப்பில் கத்துக்கிட்டதெல்லாம் மேனுவல் வித்தை. அதனால் அதுதான் நிஜமான வித்தை என்று ஒரு நினைப்பு தங்கிவிட்டது.

2020 அக்டோபர் 2ல் வந்த இரண்டாம் தலைமுறை தாரில் ஃபோர் வீல் டிரைவோடு ஆறு கியர் மேனுவலும் கிடைத்தது, ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்கும் கிடைத்தது. 2023 ஜூனில் வந்த மாருதி ஜிம்னியில் அஞ்சு கியர் மேனுவல், நாலு கியர் ஆட்டோமேட்டிக் என ரெண்டும். ஃபோர்ஸ் கூர்க்காவில் மேனுவல் மட்டும்தான், கூடவே முன்னாலும் பின்னாலும் டிஃபரன்ஷியல் லாக். மறுபக்கம், இங்கே விற்கும் ஜீப் ரேங்ளரும் டொயோட்டா லேண்ட் குரூசர் 300ம் ஆட்டோமேட்டிக் மட்டும்தான்.

கூர்க்காவும் காட்டுக்குப் போகுது, ரேங்ளரும் போகுது. ஒரே வேலைக்குக் கட்டின வண்டிகளில் ஒன்று மேனுவல் மட்டும், இன்னொன்று ஆட்டோமேட்டிக் மட்டும் என்றால், சேற்றில் ஜெயிக்கிறது கியர்பாக்ஸ் மட்டும் இல்லைன்னு புரியுதா?

சேற்றில் உள்ளே என்ன நடக்குது?

கிணற்றில் தண்ணி இறைக்கும்போது வாளிக் கயிறு கை நழுவினால் உள்ளங்கை எரியும். கயிற்றை இறுக்கிப் பிடிச்சாலும் எரியாது, மொத்தமா விட்டாலும் எரியாது. பாதிப் பிடியில் நழுவும்போதுதான் சூடு.

மேனுவல் வண்டியின் கிளட்ச் அந்த உள்ளங்கை மாதிரி. முழுசா விட்டால் இன்ஜினும் சக்கரமும் ஒண்ணாச் சுத்தும். முழுசா மிதிச்சால் தொடர்பே இருக்காது. பாதியில் வைத்தால் பிளேட் நழுவித் தேயும், சூடாகும், கடைசியில் கருகும். சேறு, மணல், கல் மேடு எல்லாமே மெதுவாப் போக வேண்டிய இடங்கள். மெதுவாப் போகணும்னா புதுசா ஓட்டுறவர் கால் தானாகவே பாதி கிளட்சுக்குப் போயிடும். தம்பி பண்ணினது இதுதான்.

டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்கில் இந்த பிளேட் இடத்தில் எண்ணெய் வேலை செய்யுது. ரெண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரே வைங்க. ஒன்றை மட்டும் ஓட விடுங்க. அந்தக் காற்றில் இன்னொன்றும் மெல்லச் சுத்தும். காற்றுக்குப் பதில் எண்ணெய், அவ்வளவுதான். இன்ஜின் வேகமாவும் சக்கரம் மெதுவாவும் சுத்தும் நேரத்தில், இது இன்ஜின் கொடுக்கும் திருகு விசையைப் பெருக்கியும் கொடுக்கும். அதனால் மேட்டில் பிரேக்கிலிருந்து காலை எடுத்து மெல்ல ஆக்சிலரேட்டர் கொடுத்தால் வண்டி பதறாம ஏறும். அணைஞ்சு போகாது. கருக கிளட்ச் பெடலே இல்லை.

அதுக்காக ஆட்டோமேட்டிக் சூடே ஆகாதுன்னு இல்லை. எண்ணெய் சூடாகும். சக்கரம் புதைஞ்ச பிறகும் விடாம மிதிச்சால் எண்ணெய் கொதிச்சு எச்சரிக்கை விளக்கு எரியும். அப்படி எரிஞ்சா நிறுத்திட்டு, நியூட்ரலில் போட்டு ஆற விடணும். வண்டி மேனுவல் புத்தகத்திலும் இது இருக்கும், ஒரு தடவை படிச்சிடுங்க.

அந்தச் சின்ன லிவர்

இப்போ மாமா சொன்ன "லோ"வுக்கு வருவோம். டிராக்டரில் ஹை, லோ என்று ஒரு தனி லிவர் இருக்கிறதைப் பார்த்திருப்பீங்க. அதே வேலையைத்தான் ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் செய்கிறது. ஃபோர் லோவில் போட்டால் வேகம் குறைஞ்சு, அதே அளவுக்கு சக்கரத்துக்குப் போகும் திருகு விசை கூடும். தாரில் இந்த விகிதம் 2.48. அதாவது அதே கியரில், அதே இன்ஜின் வேகத்தில், வண்டி இரண்டரை மடங்கு மெதுவா, இரண்டரை மடங்கு பலமாப் போகும். ஜிம்னியில் சுமார் 2 மடங்கு.

லோவில் போட்டால் மேனுவலிலும் பாதி கிளட்ச் தேவைப்படாது. முதல் கியரில் கிளட்சை முழுசா விட்டுட்டு, காலைத் தள்ளி வைத்தால் வண்டி நடக்கிற வேகத்தில் தானாகவே ஊர்ந்து போகும். ஆக, தம்பி லோவில் இறங்கியிருந்தால் அதே மேனுவல் வண்டி அந்தக் கண்மாயைத் தாண்டியிருக்கலாம். தாண்டாவிட்டாலும் கிளட்சாவது பிழைச்சிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. இந்த வகை வண்டிகளில் ஃபோர் ஹை, ஃபோர் லோ ரெண்டையும் காய்ந்த தார் ரோட்டில் போட்டு ஓட்டாதீங்க. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேற வேற தூரம் சுத்தணும். சேற்றில் சக்கரம் வழுக்கி அதைச் சரி பண்ணிக்கும். தார் ரோட்டில் வழுக்க இடமில்லாம உள்ளே பல்சக்கரங்கள் முறுக்கிக்கும்.

எங்கே யார் ஜெயிக்கிறாங்க?

ரெண்டுமே லோ ரேஞ்ச் உள்ள வண்டின்னு வெச்சுக்கிட்டு ஒப்பிடுவோம்.

*செம்மண் சரளைப் பாதை:* நம்ம செட்டிநாட்டுப் பக்கம் முக்கால்வாசி இதுதான். இதுக்கு ரெண்டு கியர்பாக்ஸும் சமம். உண்மையைச் சொன்னா, காய்ஞ்ச நாளில் நல்ல தரை உயரம் உள்ள சாதாரண காரே போதும்.

*கண்மாய் வண்டல், மழைக்கால வயல் பாதை:* புதுசா ஓட்டுறவருக்கு ஆட்டோமேட்டிக் சுலபம். நடுச்சேற்றில் கியர் மாத்தும் அந்த அரை நொடியில் மேனுவல் வண்டி வேகத்தை இழந்து புதையும். ஆட்டோமேட்டிக்கில் அந்த இடைவெளி இல்லை. மேனுவல் என்றால் எந்தக் கியர் வேணும்னு முன்னாடியே முடிவு பண்ணி இறங்கணும், நடுவில் மாத்தவே கூடாது.

*கல் மேடு, ஏற்றம்:* ஆட்டோமேட்டிக் பக்கம். ஒரு அடி ஏறி நின்னு பார்த்து இன்னொரு அடி ஏறலாம்.

*செங்குத்தான இறக்கம்:* மேனுவல் பக்கம். லோவில் முதல் கியரில் போட்டு பிரேக்கைத் தொடாம இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடிச்சுக்கும். ஆட்டோமேட்டிக்கில் டி-யில் விட்டுட்டு இறங்கினால் அந்தப் பிடி குறைவு. கையால் கீழ் கியரைத் தேர்ந்தெடுத்துத்தான் இறங்கணும். ஜிம்னி போல ஹில் டிசென்ட் கன்ட்ரோல் இருந்தால் ஓரளவு ஈடு கட்டும்.

*நடுக்காட்டில் பேட்டரி பலவீனமானால்:* மேனுவலைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வாய்ப்பு உண்டு. ஆட்டோமேட்டிக்கில் அந்த வாய்ப்பே இல்லை.

*பழுது:* மேனுவலின் கிளட்ச் வேலையை சின்ன ஊர் மெக்கானிக்கே செய்வார். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அவ்வளவு சீக்கிரம் கெடாது, ஆனால் கெட்டால் பெரிய ஊர், பெரிய பில்.

கை பழகியவருக்கு மேனுவலில் எதுவும் தடையில்லை என்பதற்கு நல்ல சாட்சி கொழுக்குமலை. தேனி மாவட்டத்தில் இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்துக்குக் கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து கல்லும் குழியுமான ஜீப் பாதையில்தான் ஏறணும். அங்கே தினமும் சுற்றுலாப் பயணிகளை ஏத்திக்கிட்டுப் போறது பெரும்பாலும் பழைய மேனுவல் ஜீப்கள்தான். ஆனால் அந்த டிரைவர்களுக்கு அது தினசரி வேலை. நமக்கு வருஷத்தில் எத்தனை நாள்? அந்தக் கேள்விதான் நம்ம பர்ஸுக்கான கேள்வி.

"ஆட்டோமேட்டிக்" என்ற பெயரில் நாலு சரக்கு

கணக்குக்குப் போகும் முன் இதைக் குறிச்சுக்கோங்க. ஷோரூமில் ஆட்டோமேட்டிக் என்று சொல்வது எல்லாம் ஒன்று இல்லை.

1. டார்க் கன்வெர்ட்டர்: மேலே சொன்ன எண்ணெய் முறை. சேற்றுக்கும் மேட்டுக்கும் ஏற்றது இதுதான். தார், ஜிம்னி ஆட்டோமேட்டிக் ரெண்டும் இந்த வகை.
2. ஏஎம்டி: உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ். கிளட்சை உங்க காலுக்குப் பதில் ஒரு மோட்டார் மிதிக்குது. விலை குறைவு, டவுனுக்கு நல்லது. ஆனால் சேற்றில் கருகக்கூடிய அதே கிளட்ச் உள்ளே இருக்கு, அதுவும் உங்க கட்டுப்பாட்டில் இல்லாமல்.
3. டிசிடி: ரெண்டு கிளட்ச். ஹைவேயில் அருமை. ஊர்ந்து ஊர்ந்து ஏறும் வேலையில் கிளட்ச் சூடாகும்.
4. சிவிடி: பெல்ட் முறை. டவுனில் மென்மை. கனமான இழுவைக்குச் செய்தது இல்லை.

"நான் ஆட்டோமேட்டிக் வாங்கிட்டேன், கண்மாய்க்குள்ள இறங்கலாம்"னு ஏஎம்டி காரை இறக்கிடாதீங்க.

இப்போ கணக்கு

ஜிம்னி 2023 ஜூனில் வந்தபோது சொன்ன விலையையே எடுத்துக்கலாம், கணக்கு சுலபம். ஆரம்ப வகையில் மேனுவல் ரூ.12.74 லட்சம், ஆட்டோமேட்டிக் ரூ.13.94 லட்சம். வித்தியாசம் ரூ.1,20,000. இது பழைய ஷோரூம் விலை. நீங்க வாங்கும் நாளில் இருக்கும் விலையைப் போட்டு இதே கணக்கைத் திரும்பப் பண்ணிக்கோங்க.

தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரையான காருக்கு ஆயுட்கால சாலை வரி 18%. அப்போ அந்த 1,20,000க்கு வரி மட்டும் ரூ.21,600. மொத்தம் ரூ.1,41,600. ஆட்டோமேட்டிக்கின் நிஜ விலை வித்தியாசம் இது. இன்சூரன்ஸ் கொஞ்சம் கூடும், அதைச் சேர்க்கலை.

இந்தப் பணத்தையும் கடனில் சேர்த்து, 9% வட்டி, 5 வருஷம் என்றால் மாதம் ஏறக்குறைய ரூ.2,940. அறுபது மாசத்தில் கட்டுவது ரூ.1.76 லட்சம்.

பெட்ரோல்? கம்பெனி சொல்லும் மைலேஜ் மேனுவலுக்கு 16.94, ஆட்டோமேட்டிக்குக்கு 16.39. வருஷம் 10,000 கி.மீ. ஓட்டினால் வித்தியாசம் 20 லிட்டர். லிட்டர் 100 ரூபாய்னு வைத்தால் ரூ.2,000. "ஆட்டோமேட்டிக் பெட்ரோலைக் குடிக்கும்" என்ற பயம் இங்கே பெரிசா எடுபடாது.

கடன், பெட்ரோல் ரெண்டையும் சேர்த்தால் வருஷத்துக்குச் சுமார் ரூ.37,000. வண்டியை விற்கும்போது இதில் ஒரு பகுதி திரும்பி வரலாம், அதைக் கணக்கில் எடுக்கலை.

இப்போதான் முக்கியமான இடம். இந்த 37,000ஐ எந்த நாட்களோடு வகுக்கிறீங்க?

தம்பி சென்னையில் ஓஎம்ஆர் பக்கம் வேலை செய்கிறான். ஊருக்கு வருஷம் நாலு தடவை வருவான். ஒவ்வொரு தடவையும் ரெண்டு நாள் தோட்டம், கண்மாய்னு சுத்துவான். ஆக ஆஃப்ரோடு நாள் 8. 37,000ஐ 8ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு ரூ.4,600க்கு மேல். "ஆஃப்ரோடுக்காக ஆட்டோமேட்டிக்" என்று வாங்கினால் நீங்க கொடுக்கும் விலை அது. அந்தக் காசுக்கு அன்றைக்கு யாராவது தெரிஞ்சவர் ஜீப்பை டிரைவரோட எடுத்துக்கிட்டுப் போயிடலாம்.

அதே 37,000ஐ ஆபீஸ் போகும் நாட்களோடு வகுங்க. மாசம் 22 நாள்னா, நாளைக்குச் சுமார் 140 ரூபாய். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் டிராஃபிக்கில் இடது கால் ஓய்வா இருக்க 140 ரூபாய் கொடுப்பீங்களா? அதுக்கு சிலர் தாராளமா சரின்னு சொல்வாங்க, சிலர் வேணாம்னு சொல்வாங்க. ரெண்டுமே நியாயமான பதில். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

சுருக்கமா: கியர்பாக்ஸை உங்க ஆபீஸ் ரோட்டைப் பார்த்து முடிவு பண்ணுங்க. கண்மாயைப் பார்த்து முடிவு பண்ண வேண்டியது லோ ரேஞ்ச் இருக்கா, டயர் சரியா, ஓட்டக் கத்துக்கிட்டோமா என்பதை.

மிச்சமாகும் காசு எங்கே போகுது?

மேனுவல் எடுத்து மிச்சம் பிடிச்சால் அது நிஜமாவே மிச்சம் ஆகணும். தம்பியும் 1.4 லட்சம் மிச்சம் பண்ணினான். எங்கே போச்சு? பெரிய அலாய் வீல், ஸ்டீல் பம்பர், கூரைமேல் விளக்கு வரிசை. அவசரகால நிதி பூஜ்யம். கைக்கு வரும் சம்பளம் 62,000, 12 லட்சம் கடனுக்கு இஎம்ஐ 24,910. சம்பளத்தில் 40% வண்டிக்கே போகுது. அதனால்தான் ஒரு கிளட்ச் பில் வந்ததும் கிரெடிட் கார்டுக்குப் போக வேண்டியதாச்சு. மாசம் 3.5% வட்டி என்பது கார்டுகளில் சாதாரணம். சேற்றில் கருகினது கிளட்ச். வீட்டில் கருகினது பட்ஜெட்.

மாசம் அந்த 2,940 ரூபாயை அஞ்சு வருஷம் எஸ்ஐபியில் போட்டு, ஆண்டுக்கு 10% கிடைத்தால் சுமார் 2.27 லட்சம் சேரும். 10% உத்தரவாதம் இல்லை, ஒரு அளவுக்காகச் சொல்றேன். மேனுவல் எடுக்கிறதா இருந்தா, டெலிவரி எடுக்கும் அன்னைக்கே அந்த எஸ்ஐபியையும் ஆரம்பிச்சிடுங்க. இல்லைன்னா மிச்சம்னு சொல்லாதீங்க.

வண்டிச் செலவுக்கு 20-4-10 என்று ஒரு பழக்க விதி இருக்கு. 20% முன்பணம், 4 வருஷக் கடன், வண்டிக்கான மொத்தச் செலவு வருமானத்தில் 10%க்குள். நம்ம ஊர் வரிக்கும் விலைக்கும் 10% ரொம்பக் கஷ்டம், ஒத்துக்கிறேன். ஆனால் இஎம்ஐ மட்டுமே 15% தாண்டினால், அந்த வண்டி இப்போதைக்கு உங்களுக்கு இல்லை. மேனுவல், ஆட்டோமேட்டிக் விவாதமே அடுத்த இன்க்ரிமென்ட்டுக்கு அப்புறம் வெச்சுக்கலாம்.

இன்சூரன்ஸில் இருக்கும் ஓட்டைகள்

"இன்சூரன்ஸ் இருக்கே" என்று இறங்குபவர்களுக்கு மூணு விஷயம்.

ஒன்று, வழக்கமான முழுக் காப்பீட்டில் தேய்மானமும் இயந்திரப் பழுதும் வராது. கருகின கிளட்ச் உங்க செலவு.

ரெண்டு, தண்ணியில் இறங்கி இன்ஜினுக்குள் தண்ணி போனால், இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் இல்லாம க்ளைம் கிடைப்பது கஷ்டம். தாருக்குக் கம்பெனி சொல்லும் தண்ணீர் ஆழம் 650 மி.மீ. அது நின்ற தண்ணிக்கு. கலுங்கு வழிஞ்சு ஓடும்போது முழங்கால் அளவே வண்டியை இழுத்துட்டுப் போகும்.

மூணு, பந்தயம், வேகச் சோதனை போன்ற பயன்பாடு பாலிசியில் விலக்கு. யாராவது ஆஃப்ரோடு போட்டிக்குக் கூப்பிட்டால், முதலில் பாலிசியை எடுத்துப் படிங்க.

அப்போ எதை வாங்கலாம்?

*தினமும் டிராஃபிக்கில் ஓட்டுவீங்க, வருஷத்தில் பத்து நாள் ஊர்ப் பாதை, இஎம்ஐ வரம்புக்குள் வருது:* லோ ரேஞ்ச் உள்ள டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக். கண்மாயிலும் அது உங்களைக் காப்பாத்தும், ஆனால் காசு கொடுத்தது ஓஎம்ஆருக்கு என்று தெரிஞ்சே வாங்குங்க.

*ஆபீசுக்கு மெட்ரோவோ பைக்கோ, வண்டி வாரக் கடைசிக்கு மட்டும்:* மேனுவல். மிச்சக் காசில் நல்ல டயர், ஒரு இழுவைப் பட்டை, ஒரு ஏர் பம்ப், ஒரு நாள் பயிற்சி. இது நாலும் எந்தக் கியர்பாக்ஸையும் விட அதிக தூரம் கொண்டு போகும்.

*தோட்டம், விவசாயம் என்று வாரா வாரம் மண்ணில் இறங்குவீங்க, சொந்தமா மெக்கானிக் உண்டு:* மேனுவல் தாராளமா. உங்க கை அதுக்குப் பழகிடும்.

*ஊருக்குப் போனால் கெத்தா இருக்கணும், ஆஃப்ரோடு நாள் வருஷத்தில் ரெண்டு:* ரெண்டுமே வேணாம். சாதாரண கார் போதும். அந்த ரெண்டு நாளைக்கு வாடகை ஜீப்.

வாங்கும் முன், இறங்கும் முன்

ஷோரூமில்: "ஃபோர் வீல் டிரைவா, ரெண்டு வீலா?" "லோ ரேஞ்ச் இருக்கா?" "ஆட்டோமேட்டிக் எந்த வகை?" இந்த மூணும் கேளுங்க. 2023ல் வந்த தாரின் ரியர் வீல் டிரைவ் வகையில் சின்ன லிவரே கிடையாது. வெளியே பார்க்க கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும்.

கண்மாய்க்கு முன்னாடி: வண்டியை நிறுத்திட்டு இறங்கி நடந்து பாருங்க. கால் புதைஞ்சா சக்கரமும் புதையும். லோவில் போட்டுட்டு இறங்குங்க, மாட்டின பிறகு போடாதீங்க. சக்கரம் சும்மா சுத்த ஆரம்பிச்சால் ரெண்டு முயற்சிக்கு மேல் வேணாம், ஆளைக் கூப்பிடுங்க. கரை மேல் ஓட்டி மடையையும் கரையையும் சிதைக்காதீங்க. அந்தத் தண்ணியை நம்பி கீழே நெல்லு நிக்குது.

தம்பி இப்போ என்ன பண்றான்னு கேட்பீங்க. அதே மேனுவல் வண்டிதான். கூரை விளக்கை வந்த விலைக்கு வித்து கார்டு பாக்கியில் பாதியை அடைச்சான். பொங்கலுக்கு வந்தப்போ மாமாவே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். லோ, முதல் கியர், கிளட்சில் கால் இல்லை. அதே கண்மாயைக் காய்ஞ்ச ஓரமாக் கடந்து தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தான். மாமா கேட்ட ஃபீஸ் ஒரு டீயும் ரெண்டு வடையும்.

உங்க ஆபீஸ் நாளையும் ஆஃப்ரோடு நாளையும் ஒரு பேப்பரில் எழுதி, மேலே சொன்ன மாதிரி வகுத்துப் பாருங்க. அந்த ரெண்டு எண்ணையும் கையில் வெச்சுக்கிட்டு ஷோரூமுக்குப் போங்க. இந்தக் கணக்கை ஷீட்டில் எப்படிப் போடுறதுன்னு நம்ம சேனல் வீடியோவில் ஒவ்வொரு படியா காட்டியிருக்கேன், பார்த்துக்கோங்க.